ஜன்னலைச் சாத்திய வீடு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தப் பனியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

‘ஆளுக்கு ஆள் இசை ரசனை வேறுபடுவது பிறவியாலா, வளர்ந்த சூழலாலா?’ இதுதான் தலைப்பு. சூழலால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்தே தொடங்குகிறேன்.

என் சின்ன வயதில், தெருமுனையில் பறைச் சத்தம் கேட்டதும் அம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார். என்னை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார். சாவு போகிறது, பார்க்கக் கூடாது. அந்த அடி ஒவ்வொன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும். இந்தச் சத்தம் எனக்குப் பிறவியிலேயே ஆகாது என்றுதான் கல்லூரிக்குப் போகும் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் என்னோடு படித்த ஒருத்தி கலைவிழாவுக்காகப் பறை அடித்துப் பழகினாள். எங்கள் ஊர்ப் பெண்தான். வைக்கோலைக் கொளுத்தி, அந்த அனலில் பறையைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சினாள். விரலால் சுண்டிப் பார்த்தாள். சொதசொதவென்று கிடந்த தோல் கணீரென்றது. ஒரு கையில் நீளமான மெல்லிய சிம்புக்குச்சி, மறு கையில் குட்டையான அடிக்குச்சி. மூன்றாம் நாள் என் கால் என்னைக் கேட்காமலே தாளம் போட்டது. “சின்னப் பிள்ளையில உனக்குப் பயமா இருக்காதாடி?” என்று கேட்டேன். “பயமா? எங்கப்பா அடிக்க, நாங்க எல்லாம் முன்னாடி ஆடுவோம்ல!” என்றாள்.

அவள் தெருவுக்கும் என் தெருவுக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான், நடுவர் அவர்களே. அந்த வாய்க்காலின் பெயர் சாதி. என் காதில் பயத்தை வைத்தது அதுதான். மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது கைதட்டியவர்களில், என்னைப் போல ஜன்னல் சாத்திய வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேரோ!

எதிரணியில் பேசிய ஐயா, “இனிமை எந்தக் காதுக்கும் இனிமைதான், அபசுரம் எந்தக் காதையும் உறுத்தும்” என்றார். பாலித் தீவுக்குப் போய்ப் பாருங்கள், ஐயா. அங்கே காமெலான் என்றொரு வாத்தியக் குழு. வெண்கலக் கட்டைகள் கொண்ட வாத்தியங்களை ஜோடி ஜோடியாகச் செய்கிறார்கள். ஜோடியில் ஒன்றின் சுருதியை வேண்டுமென்றே ஒரு பொட்டு ஏற்றி வைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து அடித்தால் ஒலி அலை அலையாக நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு ஓம்பாக் என்று பெயர், அலை என்று அர்த்தம். அது இல்லாவிட்டால் அவர்களுக்கு அது உயிரில்லாத இசை. நம் வீணை வித்வான் கேட்டால் சுருதி சேரவில்லை என்று பிருடையைத் திருகத்தான் கை போகும்.

பொலிவியா நாட்டுக் காட்டில் சிமானே என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மேற்கத்திய இசையில் இனிமை என்று சொல்லப்படும் சுரக்கூட்டையும், உறுத்தல் என்று சொல்லப்படும் சுரக்கூட்டையும் அவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். 2016-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. இரண்டுமே அவர்களுக்கு ஒரே அளவுக்குப் பிடித்திருந்தன! காதில் குறையா என்றால் இல்லை, வித்தியாசம் அவர்களுக்குத் தெரிகிறது. சிரிப்பொலியும் திடுக்கிடும் ஒலியும் அவர்களுக்கும் நம்மைப் போலத்தான் படுகின்றன. சுரக்கூட்டு விஷயத்தில் மட்டும், மேற்கத்திய இசையில் ஊறாத காது வேறு தீர்ப்பு சொல்கிறது.

இதைத் தொல்காப்பியம் எப்போதோ கண்டிருக்கிறது. ஒரு நிலத்தின் கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து வைத்தது. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, பாலைக்குத் துடிப் பறை என்று பின்னால் வந்தவர்கள் அதை விரித்தார்கள். விளைகிற தானியம் மாதிரி இசையும் மண்ணுக்கு மண் மாறும்.

அடுத்துப் பேசிய அம்மா வானொலிக் கதை சொன்னார்கள். நல்ல வாதம்தான். 1952-இல் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கி, சாஸ்திரிய சங்கீதத்தை ஊட்டப் பார்த்தார். ஜனங்கள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினார்கள். 1957-இல் விவித பாரதி வந்தது. “சூழலை மாற்றியும் ரசனை மாறவில்லையே?” என்று கேட்டார்கள். அம்மா, அந்த ஜனங்கள் 1931-இலிருந்து பேசும்படம் பார்த்தவர்கள். டெண்டுக் கொட்டகையிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் இருபது வருஷம் பாட்டில் நனைந்த காதை ஒரு உத்தரவு ஐந்தே வருஷத்தில் துவட்டிவிடுமா?

எந்தப் பாட்டும் எதுவும் செய்யாத மனிதர்களும் உண்டு என்றார்கள். உண்மை. பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014-இல் அப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதினார்கள். காசு ஜெயித்தால் மகிழ்கிறார்கள், இசை மட்டும் எட்டுவதில்லை. இசை கேட்டு இளகுமா என்பதில் பிறவிக்குப் பங்கு இருக்கிறது, மனதார ஒப்புக்கொள்கிறேன். எந்த இசைக்கு இளகும் என்பதுதானே இன்றைய வழக்கு? பசி கூடப் பிறந்தது. கூழா இட்டிலியா என்பதுமா கூடப் பிறந்தது?

ஒரு செய்தி மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன். போன பங்குனித் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் பறை வந்தது. அம்மா பழக்கத்தில் ஜன்னலைச் சாத்த எழுந்தார். ஜன்னலோரம் நின்றிருந்த என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. என் மகள் செருப்புக்கூடப் போடாமல் வாசலைத் தாண்டி ஓடிவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே ரத்தம், நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.