ரோஜா வாங்கப் போனால் முதலில் இலையைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் தெரிகிற இந்த வெள்ளை ரோஜாவைக் கொஞ்சம் கிட்டத்தில் வந்து காட்டுகிறேன். இதன் பெயர் ஐஸ்பெர்க். ஜெர்மனியில் கோர்டஸ் குடும்பத்தார் 1958-ல் வெளியிட்ட ரகம். ஒரு பூவை மட்டும் பறித்துக் கையில் வைத்துப் பார்த்தால், இதைவிட அழகான ரோஜாக்கள் எத்தனையோ இருக்கின்றன. மணமும் மெல்லியதுதான். ஆனால் செடியைப் பாருங்கள். கிட்டத்தட்ட அடி வரைக்கும் இலை இருக்கிறது. தண்டில் முள் ரொம்பக் குறைவு. ஒரு கொத்து உதிர்வதற்குள் அடுத்த கொத்து மொட்டு விட்டுவிடுகிறது. இத்தனை வருடம் கழித்தும் உலகம் முழுக்க மக்கள் இதைத் தேடி நடுகிறார்கள் என்றால் காரணம் இந்தச் செடிதான், அந்த ஒற்றைப் பூ இல்லை.

இன்றைக்கு நான் சொல்ல வருவதும் அதுதான். ரோஜா வாங்கப் போகும்போது பூவைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள். நர்சரியில் நீங்கள் பார்க்கிற பூ, இரண்டு மாதத்துக்கு முன்னால் அங்கே கொடுத்த உரத்துக்கும் வெயிலுக்கும் வந்த பலன். அது ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பதை இலைதான் சொல்லும்.

நானும் முதலில் பூவைப் பார்த்துத்தான் வாங்கினேன். டபுள் டிலைட் என்று ஒரு ரகம், 1977-ல் வந்தது. வெண்ணெய் நிற இதழ், ஓரமெல்லாம் சிவப்பு, அதுவும் வெயில் பட்டால் இன்னும் சிவக்கும். மணம் அப்படி ஒரு மணம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவந்து, பாதி நிழல் விழுகிற ஒரு மூலையில் தொட்டியை வைத்தேன். தரை நனையக் கூடாதே என்று அடியில் ஒரு தட்டும் வைத்தேன். நாலே மாதம். முதலில் துளிரெல்லாம் மாவு தூவிய மாதிரி வெளுத்துச் சுருண்டது, அது சாம்பல் நோய். அப்புறம் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. செடி வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றினேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தபோது வேர் முழுக்கக் கறுத்து அழுகியிருந்தது. நல்ல ரகம்தான் அது. இடம் தப்பு, தட்டு தப்பு. அந்த இலைகள் சொன்னதை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அந்தச் செடியை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

சரி, ரகங்களுக்கு வருவோம். ரோஜாவில் ஆயிரக்கணக்கான பெயர்கள் இருந்தாலும், தொட்டிக்கும் பாத்திக்கும் வாங்குகிறவர்கள் நாலைந்து வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

நீளமான காம்பில் ஒற்றையாக, நடுவில் கூம்பாக நிற்கிற பூ ஹைப்ரிட் டீ. பிரான்ஸில் கியோ என்பவர் 1867-ல் கொண்டுவந்த லா பிரான்ஸ் என்ற ரோஜாவை இந்த வகையின் முதல் செடியாகச் சொல்வார்கள். ஜாடியில் வைக்கப் பூ வேண்டும் என்றால் இதுதான். ஆனால் பல ரகங்களில் செடியின் கீழ்ப்பாதி மொட்டையாகக் குச்சி குச்சியாக நிற்கும். பாத்தியில் வைத்தால் முன்னால் வேறு குட்டைச் செடி ஏதாவது வேண்டும். கொத்துக் கொத்தாகப் பூப்பது ஃபுளோரிபண்டா, என் ஐஸ்பெர்க் அந்த வகை. பூ சற்றுச் சிறிது, ஆனால் செடி எப்போதும் செடியாகத் தெரியும். தொட்டிக்கு முதல் ரோஜா எது வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது ஃபுளோரிபண்டாதான். இன்னும் சின்ன இடமா? மினியேச்சர் என்கிற குட்டி ரோஜாவோ, சின்னப் பூக்கள் கொத்தாகப் பூக்கிற குட்டைச் செடியான பாலியாந்தாவோ வாங்குங்கள். 1932-ல் வந்த தி ஃபேரி என்கிற இளஞ்சிவப்புப் பாலியாந்தா இன்றும் பாத்தி ஓரங்களில் அலுக்காமல் பூக்கிறது.

அப்புறம் புதர் ரோஜாக்கள். இங்கிலாந்தில் புது ரோஜா ரகங்களை உருவாக்கிய டேவிட் ஆஸ்டின் 1961-ல் வெளியிட்ட கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை வருடத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். பழைய ஐரோப்பிய ரோஜாக்களில் பெரும்பாலானவை அப்படித்தான். திரும்பத் திரும்பப் பூக்கிற குணம் நவீன ரோஜாக்களுக்கு முக்கியமாகச் சீன ரோஜாக்களிடமிருந்து வந்தது. ஆஸ்டினும் அந்தக் குணத்தைக் கலந்து கலந்து, 1983-ல் கிரஹாம் தாமஸ் போன்ற மஞ்சள் ரோஜாவைக் கொடுத்தார். கிண்ணம் மாதிரி இதழ் நிறைந்த பூ, நல்ல மணம். ஒன்று மட்டும் கவனியுங்கள். செடியோடு வருகிற அட்டையில் போட்டிருக்கிற உயரம் குளிர்ந்த ஊர்களின் கணக்கு. வெப்பம் நீண்டு நிற்கிற இடங்களில் இவற்றில் பல அதைவிட நன்றாக வளர்ந்து, கைகளை வீசுகிற மாதிரி நீளக் கிளைகளை அனுப்பும். சின்னத் தொட்டியில் திணறிப்போகும்.

ஒரு ரோஜாவைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2000-ல் வந்த நாக் அவுட். இதை உருவாக்கியவர் அமெரிக்கரான வில்லியம் ராட்லர். அவர் என்ன செய்தார் தெரியுமா? கரும்புள்ளி நோய் வந்த இலைகளைச் சேகரித்துக் காயவைத்துப் பொடியாக்கி, தன் நாற்றுகளின் மேல் தூவினார். மேலிருந்து தண்ணீரும் தெளித்தார். நோய் வருவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் கொடுத்து, அதையும் தாண்டிப் பச்சையாக நின்ற செடிகளைத்தான் எடுத்துக்கொண்டார். பூ எளிமையானது, மணம் பெரிதாக இல்லை. ஆனால் இலைக்காகவே தேர்ந்தெடுத்த ரோஜா. அதனால்தான் எனக்கு அதன் மேல் இவ்வளவு மரியாதை.

இப்போது நர்சரியில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பூ பூத்திருக்கிற செடியை விட்டுவிட்டு, இரண்டு மொட்டும் நிறையத் துளிரும் இருக்கிற செடியின் பக்கம் போங்கள். சிவந்த புதுத்துளிர் நல்ல அடையாளம். ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். ஊசியால் குத்திய மாதிரி வெளிர்ப் புள்ளிகளோ, மெல்லிய நூலாம்படையோ இருந்தால் அது சிலந்திப்பேன், அந்தச் செடி வேண்டாம். மேல்பக்கம் ஓரம் பிசிறடித்த கருப்பு வட்டங்களும் சுற்றிலும் மஞ்சளும் இருந்தால் கரும்புள்ளி. அடியிலிருந்து பென்சில் பருமனில் மூன்று கிளையாவது வேண்டும். மண்ணை ஒட்டித் தண்டில் வீங்கின மாதிரி ஒரு முடிச்சு தெரிந்தால் அது ஒட்டுச் செடி. முடிச்சுக்குக் கீழே இருப்பது வேறொரு காட்டு ரோஜாவின் வேர்.

அந்த முடிச்சை மறந்துவிடாதீர்கள். அதற்குக் கீழேயிருந்து ஒரு கிளை வேகமாக, தெம்பாக எழும்பும். செடி நன்றாக வளர்கிறது என்று சந்தோஷப்படுவோம். கொஞ்ச நாளில் மேலே இருக்கிற நல்ல ரோஜா மெலிந்துபோகும். ஓர் இலைக்காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுக் கிளை, ஐந்து இருந்தால் நல்ல கிளை என்று பலர் சொல்வார்கள். அதை நம்பி வெட்டாதீர்கள், நல்ல ரகங்களிலும் ஏழு சிற்றிலை வரும். மண்ணைக் கொஞ்சம் விலக்கி, கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். முடிச்சுக்குக் கீழே என்றால், கத்தரியால் நறுக்காமல் கையால் கீழ்நோக்கிப் பிய்த்து எடுங்கள். நறுக்கினால் அடிக்கண் தங்கி மறுபடியும் வரும்.

நடும்போதும் இந்த முடிச்சுதான் அளவுகோல். குளிரில் மண் உறைகிற ஊர் என்றால் முடிச்சை மண்ணுக்குள் ஐந்து சென்டிமீட்டர் வரை இறக்கலாம். வெப்பமான ஊரில் மண்ணுக்கு மேலே தெரியட்டும்.

தொட்டி விஷயத்தில்தான் அதிகமாகத் தவறு நடக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். மினியேச்சருக்கு 8 முதல் 10 அங்குலத் தொட்டி போதும். ஃபுளோரிபண்டாவுக்கு 14 அங்குலமாவது வேண்டும். ஹைப்ரிட் டீக்கு 16, 18 வரைக்கும் போங்கள். அகலத்தைப் போலவே ஆழமும் முக்கியம், ரோஜா வேர் கீழே இறங்கப் பார்க்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி நேரடி வெயிலில் சூடாகி, ஓரத்து வேரை வேகவைத்துவிடும். அதை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. மண்தொட்டி வேருக்கு நல்லது, ஆனால் சீக்கிரம் காயும்.

அடியில் ஓட்டுச்சில்லு, கூழாங்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் பல வருடம் போட்டேன். உண்மையில் நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் கல்லுக்குள் எளிதில் இறங்காது. மேலே இருக்கிற மண் முழுக்க ஊறிய பிறகுதான் இறங்கும். அப்படியென்றால் ஈரம் தேங்குகிற பகுதியை நாமே வேருக்குப் பக்கத்தில் உயர்த்தி வைக்கிறோம். கல்லே வேண்டாம். துளையை மூட ஒரு துண்டு வலை, அவ்வளவுதான். தொட்டியின் அடியில் இரண்டு கட்டைகளைக் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். நான் போடுகிற கலவை, இரண்டு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய உரம், ஒரு பங்கு தென்னை நார்த்தூள். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

தண்ணீரைக் கடிகாரம் பார்த்து ஊற்றாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள், காய்ந்திருந்தால் அடித்துளையில் வழிகிற வரை ஊற்றுங்கள். ஈரமாக இருந்தும் இலை வாடுகிறது என்றால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. அங்கே தண்ணீர் ஊற்றுவது என் டபுள் டிலைட்டுக்கு நான் செய்ததுதான்.

எந்த நேரத்தில் ஊற்றுவது? காலையில், மண்ணில். கரும்புள்ளிப் பூசணத்தின் வித்து இலைக்குள் நுழைய, இலை சுமார் ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். சாயங்காலம் தலையோடு குளிப்பாட்டினால் இரவு முழுவதும் அந்த வாய்ப்பைக் கொடுத்தாகிவிட்டது. அப்படியானால் சிலந்திப்பேனுக்கு இலையின் அடியில் தண்ணீர் பீச்சச் சொல்கிறார்களே என்று கேட்பீர்கள். பீச்சுங்கள், விடிந்ததும் பீச்சுங்கள். வெயில் ஏறும்போது காய்ந்துவிடும். உதிர்ந்த புள்ளி இலைகளைத் தொட்டியிலேயே விடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள், வித்து அங்கேதான் காத்திருக்கும்.

பாத்தியில் நடுகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயில், காலை வெயில் என்றால் இன்னும் நல்லது. செடிக்குச் செடி 60 முதல் 75 சென்டிமீட்டர். காற்று போகாவிட்டால் என்ன மருந்து அடித்தும் பயனில்லை. மதிலோரம் என்றால் மதிலை ஒட்டி நடாமல் 45 சென்டிமீட்டர் தள்ளுங்கள், மதிலடி மண் மழையில்கூட நனையாது. கொடி ரோஜாவின் கிளைகளை நேராக மேலே ஏற்றாமல் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கட்டுங்கள். நேராக நின்றால் நுனி மட்டும் பூக்கும், படுத்தால் கணுவுக்குக் கணு துளிர்க்கும். பல வருடம் ரோஜா இருந்த குழியிலேயே புது ரோஜாவை வைத்தால் சுணங்கி நிற்கும். அந்த மண்ணை நன்றாக அள்ளி வெளியே போட்டுவிட்டுப் புதுமண் நிரப்புங்கள்.

உரம் பற்றித் தனியாக ஒரு வீடியோ போடுகிறேன். இப்போதைக்கு இலையில் படிக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். கீழ் இலை முழுசாக வெளுத்தால் தழைச்சத்துப் பசி. புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணின் காரத்தன்மை காரணம், மண்ணின் அமில, கார அளவைச் சொல்கிற பிஎச் ரோஜாவுக்கு 6 முதல் 6.5 வரை சுகம். இலை ஓரம் கருகி, தொட்டி மண்ணில் வெள்ளைப் பொருக்கு படிந்தால் உரம் அதிகம். நிறையத் தண்ணீர் விட்டு வடித்துவிட்டு ஒரு மாதம் சும்மா இருங்கள்.

இந்தக் கொத்து முடிந்துவிட்டது, பாருங்கள். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். கொத்துக்குக் கீழே முதலில் மூன்று சிற்றிலை உள்ள இலை. அடுத்தது ஐந்து சிற்றிலை, செடிக்கு வெளிப்பக்கமாகப் பார்க்கிறது. அதன் அடியில் சின்னதாக ஒரு கண் இருக்கிறதே, அதற்கு மேலே அரை சென்டிமீட்டர் விட்டு, சற்றுச் சாய்வாக வெட்டுகிறேன். செடி நல்ல தெம்பில் இருப்பதால் இவ்வளவு தூரம் இறங்குகிறேன். நோஞ்சான் செடி என்றால் காய்ந்த பூவை மட்டும் கிள்ளுங்கள், ஓர் இலையைக்கூட எடுக்காதீர்கள்.

வெட்டியாயிற்று. இந்தக் கிளையில் ஒரு சிவப்பு நூல் கட்டிவைக்கிறேன். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் இதே கண்ணிலிருந்து அடுத்த கொத்து வர வேண்டும். வந்ததும் இந்த நூலோடு சேர்த்து உங்களுக்குக் காட்டுகிறேன்.