குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை எப்படி வரைவது?

[திரை: வெறும் வெள்ளைத் தாள். பாடல் அடி அடியாகத் தோன்றுகிறது.]

"நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரளவின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே."

பாடியவர் தேவகுலத்தார். பேசுபவள் தலைவி. தலைவனோடு தனக்குள்ள காதல் நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, நீரைவிட ஆழம் அளக்க முடியாதது என்கிறாள். நாலே அடி. இதை வரையச் சொன்னால் கை முதலில் எங்கே போகும்? ஒரு மலை, அதன் மேல் ஒரு காதல் ஜோடி, இல்லையா?

இப்போது பாட்டை மறுபடி படியுங்கள். ஜோடி எங்கே இருக்கிறது? தலைவனுக்கு முகமே கிடையாது. அவன் தன் நாட்டின் வழியாகத்தான் வருகிறான். தலைவி வெறும் குரல். கண்ணுக்குக் கிடைப்பது மலைச்சாரல், கரிய கொம்பு, குறிஞ்சிப் பூ, தேன். தேனீயைக்கூட நாம்தான் வரவழைக்கிறோம். நிறம் என்று பாட்டு சொல்வதும் கருமை ஒன்றைத்தான். சொன்னதைச் சொன்னபடி வரைகிறேன் என்பவர் அந்தக் கரிய கொம்பிலிருந்து தொடங்க வேண்டும். காதலர்களை வரைந்தால் அது ஓவியரின் சேர்க்கை.

[திரை: படகில் வெள்ளுடைப் பெண், மெழுகுவத்திகள் மீது கேமரா நெருங்குகிறது.]

சேர்க்கக் கூடாது என்றில்லை. ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் 'தி லேடி ஆஃப் ஷலாட்' கவிதையை ஓவியர் ஜான் வில்லியம் வாட்டர்ஹவுஸ் 1888-இல் வரைந்தார். நாணல், நீர், கையில் படகின் சங்கிலி என்று எல்லாம் அத்தனை நுணுக்கம். படகின் முனையில் மூன்று மெழுகுவத்திகள், எரிவது ஒன்றுதான். அந்த மெழுகுவத்திகள் கவிதையில் இல்லை. கவிதை வரிவரியாகப் படகில் போகும் அந்தப் பெண்ணைச் சாவுக்குக் கொண்டுபோகிறது. ஓவியம் ஒரு கணத்தில் நின்றாக வேண்டும். வரப்போகும் சாவையும் அந்தக் கணத்துக்குள் கொண்டுவர அவருக்கு அவை தேவைப்பட்டன. கண்ணால் காணும் உருவங்களை வரையும் உருவ ஓவியமும் ஒரு வாசிப்புதான்.

[திரை: மீண்டும் குறுந்தொகைப் பாடல். முதல் இரண்டு அடிகள் மட்டும் ஒளிர்கின்றன.]

எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்த இடம் இது. நிலத்தை வரையலாம். நிலத்தைவிடப் பெரியதை எப்படி வரைவது? வானத்துக்கு நீல வண்ணம் உண்டு, வானினும் உயர்ந்ததற்கு? இங்கே உருவம் கைவிட்டுவிடுகிறது. உருவங்களை விட்டுக் கோடு, நிறம், வடிவம் இவற்றால் மட்டும் பேசும் அரூப ஓவியம் தொடங்க வேண்டிய இடமும் இதுதான்.

தலைவி மூன்று திசைகளில் அளக்கிறாள்: அகலம், உயரம், ஆழம். அப்படியானால் தாளின் விளிம்பைத் தாண்டி ஓடும் ஒரு கிடைக்கோடு. மேலே வெட்டுப்பட்டு நிற்கும் ஒரு நெடுங்கோடு. அடியில், அடுக்கடுக்காகப் பூசிப் பூசி முடிவு தெரியாமல் இருண்டுபோகும் ஒரு நிறம். விளிம்புக்குள் அடங்கிவிட்டால் அது நிலத்தினும் பெரியதல்ல.

அரூபம் என்றால் மனம்போன போக்கில் வண்ணம் தெளிப்பது என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்க ஓவியர் ராபர்ட் மதர்வெல்லைக் காட்ட விரும்புகிறேன். காளைச்சண்டையில் இறந்த நண்பருக்காக ஸ்பானியக் கவிஞர் லோர்கா எழுதிய புலம்பலில் 'மாலை ஐந்து மணிக்கு' என்ற தொடர் திரும்பத் திரும்ப வரும். அந்தத் தொடரையே மதர்வெல் ஓர் ஓவியத்துக்குத் தலைப்பாக்கினார். அதில் காளை இல்லை, வீரன் இல்லை. கரிய நெடும்பட்டைகள், நடுவே நசுங்கிய கரிய முட்டை வடிவங்கள். பின்னர் அதே வடிவங்களைப் பல பத்தாண்டுகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்களில் வரைந்தார். பாட்டில் திரும்பத் திரும்ப ஒலித்தது, அவர் கையில் திரும்பத் திரும்ப வரும் வடிவமாயிற்று.

[திரை: 'நட்பே' என்ற சொல் மட்டும் மிஞ்சுகிறது.]

நம் பாட்டில் இன்னொரு சிக்கல் பாக்கி. எது அவ்வளவு பெரியது என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது: நட்பே, அதாவது காதல். காது காத்திருக்கும், கண்ணோ தாளை ஒரே பார்வையில் பார்த்துவிடும். நானாக இருந்தால் ஒரு நீண்ட சுருளில், இடமிருந்து விரியும்படி வரைவேன். அகலமும் உயரமும் ஆழமும் முதலில். பிறகு கரிய கொம்புகள், பூ. கடைக்கோடியில் தேனின் நிறத்தில் ஒரு சிறு புள்ளி. நீங்கள் அந்தப் புள்ளியை எங்கே வைப்பீர்கள்?