டெஸ்ட் எல்லாம் நார்மல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது! கொரோனா நம் ரத்தக் குழாயை என்ன செய்தது?

[திரையில்: விரலில் ஆக்சிமீட்டர். 98.]

இந்த 98-ஐ நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கூடலில் இருக்கிற எங்கள் சித்தியின் விரல் இது. ஸ்கேன் நார்மல், ஈசிஜி நார்மல். ஆனால் சேர்ந்தாற்போல் இரண்டு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை. 2021 மே மாதம் கொரோனா வந்து போனதிலிருந்து இப்படித்தான். பீடி சுற்ற உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் கை ஓய்ந்துவிடுகிறது. காட்டிய இடத்தில், “ஒன்றும் இல்லம்மா, எல்லாம் மனசுதான்” என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தை தாங்காமல்தான் இந்த வீடியோவை எடுக்கிறேன்.

வணக்கம் மக்களே. பாபநாசம் அணையில் 143 அடி தண்ணீர் நிற்கிறது, கடைமடையில் பிசான நெல் வாடுகிறது என்றால் நாம் என்ன கேட்போம்? வாய்க்காலில் என்ன கோளாறு என்றுதானே? ஆக்சிமீட்டர் சொல்வது அணையின் அளவு மாதிரி. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது என்று சொல்லும். அது சித்தியின் கால் தசை வரை போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது.

கொரோனா வந்து மூன்று மாதம் ஆன பிறகும், வேறு காரணம் எதுவும் இல்லாமல், இரண்டு மாதமாவது நீடிக்கிற தொல்லையை லாங் கோவிட் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. பின்னணி இவ்வளவு போதும். வாய்க்காலுக்கு வருவோம்.

[திரையில்: ரத்தக் குழாயின் குறுக்கு வெட்டு.]

ரத்தக் குழாயின் உள்பக்கம் முழுக்க ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் உண்டு. பெயர் எண்டோதீலியம். வாய்க்கால் சுவரில் பூசின சிமெண்ட் மாதிரிதான் இது என்று விஞ்ஞானிகளே ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். அந்த எண்ணம் உடைந்த கதை எனக்கு அவ்வளவு பிடிக்கும், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் என்று ஒருவர். முயலின் பெருந்தமனியைக் கீற்றாக வெட்டி, அதில் மருந்து விட்டுப் பார்ப்பது அவர் வேலை. உயிருள்ள உடம்பில் அசிட்டைல்கோலின் என்ற மருந்து ரத்தக் குழாயை விரிக்கும். அவருடைய கீற்றோ எப்போதும் சுருங்கியது. பல வருடமாக இது புரியாத புதிர். 1978-இல் அவருடைய உதவியாளர் சோதனையில் ஒரு படியைத் தவறவிட்டார். அன்றைக்கு அதே வகை மருந்துக்குக் குழாய்த் துண்டு விரிந்தது! ஏன் என்று துருவித் துருவிப் பார்த்தால், இத்தனை காலமும் கீற்று வெட்டும்போது உள்பக்கம் உரசி, அந்த மெல்லிய படலம் உரிந்து போயிருக்கிறது. படலம் இருந்தால் குழாய் விரிகிறது. உரிந்தால் சுருங்குகிறது.

அப்புறம் இன்னொன்று செய்தார். படலம் உரிந்த கீற்றின் மேல் படலம் உள்ள கீற்றை வைத்துப் பொருத்தினார். உரிந்ததும் விரிந்தது! பக்கத்து வயல்காரர் திறந்த மடையில் நம் வயலுக்கும் தண்ணீர் பாய்ந்த மாதிரி. அந்தப் படலம் ஏதோ ஒன்றை வெளியே அனுப்புகிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பிறகு தெரிந்தது. 1998-இல் இக்னாரோ, முராட் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு.

ஆக, அது பூச்சு இல்லை மக்களே. மம்பட்டியோடு வரப்பில் நின்று, எந்த வயலுக்கு எவ்வளவு என்று திறந்து அடைக்கிற ஆள். அந்த ஆளே படுத்துவிட்டால்?

2020-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் மருத்துவர்கள், கொரோனா நோயாளிகளின் எண்டோதீலியம் பல உறுப்புகளில் அழற்சி கண்டிருந்ததை லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். அடிபட்ட படலம் குழாயைச் சரியாக விரிக்காது. வழுவழுப்புப் போய், ரத்தம் உறையத் தோதான இடமாகிவிடும். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் ரெசியா பிரிட்டோரியஸ் குழுவினர், லாங் கோவிட் நோயாளிகளின் ரத்தத்தில் எளிதில் கரையாத, ரத்தம் உறைந்த நுண்கட்டிகளைக் கண்டார்கள். நுண்குழாய்களில் சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழைய முடியும். அவ்வளவு குறுகல். அங்கே கட்டி அடைத்தால் கடைமடை காயும்.

சரி, இதுதான் காரணம் என்று முடிவாகிவிட்டதா? இல்லை. அந்தக் கட்டிகளுக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. உடம்பில் தங்கிவிட்ட வைரஸ், தடம் மாறிய நோய் எதிர்ப்பு சக்தி என்று வேறு சந்தேகங்களும் இருக்கின்றன. ஆளுக்கு ஆள் காரணம் மாறலாம். எனக்கு வாய்க்கால் கணக்குதான் அதிகம் பொருந்துகிறது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை என்று மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். உள்ளே ரத்தக்கசிவு வந்தால் உயிருக்கே ஆபத்து. நெஞ்சு வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

இன்று வேலையை இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு மறுநாள் எழுந்திருக்கவே முடியாமல் கிடப்பது லாங் கோவிட்டில் நிறையப் பேருக்கு உண்டு. சித்திக்கும் அப்படித்தான். இப்போது கொஞ்சம் பீடி சுற்றுகிறார், தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படுக்கிறார், மறுபடி எழுந்து உட்காருகிறார். உங்களுக்கு அந்த அசதி அன்றைக்கே வருகிறதா, மறுநாள் வருகிறதா? கமெண்டில் எழுதுங்கள், சித்திக்கு வாசித்துக் காட்டுகிறேன்.