அடுத்து என்ன பின்னலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

குரோஷா ஊசியை, அதாவது நுனியில் கொக்கி உள்ள பின்னல் ஊசியை, கையில் பிடித்துச் சில மாதங்கள் ஆனவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். செயின் என்ற சங்கிலிப் பின்னல் போட வருகிறது, டபுள் குரோஷா என்ற உயரமான கண்ணி வருகிறது, இரண்டு தொப்பியும் ஒரு மப்ளரும் முடித்தாயிற்று. பை நிறைய நூல் இருக்கிறது. அடுத்து என்ன பின்னுவது? ஒன்றுமே தோன்றவில்லையே என்கிறார்கள். தோன்றட்டும் என்று கைப்பேசியில் படம் படமாகப் பார்க்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் நூறு படங்களைச் சேமித்துவிடுகிறார்கள். ஊசி மேசையிலேயே கிடக்கிறது.

அந்தப் படங்கள் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. நானும் அடுத்தவர் பின்னியதைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றேன். ஆனால் பின்னி முடித்த ஒன்றைப் பார்க்கும்போது, 'இதே மாதிரி நானும்' என்ற ஆசைதான் வருகிறது. பின்னலே இல்லாத ஒன்றை, ஒரு கிளிஞ்சலையோ மரப்பட்டையையோ எடுத்து வைத்துக்கொண்டு, இதை ஊசியில் எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்த நாட்களில்தான் எனக்கே எனக்கென்று ஏதாவது அமைந்திருக்கிறது. அப்படிப் பார்க்கப் பழகுவதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

குரோஷாவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இரண்டு ஊசியில் ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியிலேயே காத்திருக்கும். குரோஷாவில் பெரும்பாலும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு வளையம்தான். மற்றவை அங்கங்கே முடிந்து நின்றுவிடும். அதனால் நினைத்த இடத்தில் திரும்பலாம். நடுவில் தொடங்கி வெளியே விரியலாம். ஓரத்தில் எங்கேனும் ஊசியை நுழைத்துப் புதிதாக ஒரு கிளை எடுக்கலாம். செடியும் சிப்பியும் வளர்வது இப்படித்தானே? ஆகவே ஒரு பொருள் கண்ணில் பட்டால் நான் முதலில் கேட்டுக்கொள்வது, இது எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் வளர்ந்தது என்பதைத்தான். பதில் கிடைத்துவிட்டால் பாதிப் பின்னல் கிடைத்த மாதிரி.

ஒரு இலையை எடுத்துக்கொள்வோம். அதன் நடு நரம்புதான் நம்முடைய முதல் செயின். அதன் மேல் ஒரு பக்கமாகப் போகிறோம். தொடக்கத்தில் குட்டையான சிங்கிள் குரோஷா, அப்புறம் ஹாஃப் டபுள், டபுள், நடுவில் உயரமான ட்ரெபிள், பிறகு அதே வரிசையில் இறங்கி மறுபடியும் சிங்கிள். நுனியைச் சுற்றி வந்து அதே செயினின் மறுபக்கத்திலும் இப்படியே. கண்ணிகளின் உயரமே இலையின் விளிம்பை வரைந்துவிடுகிறது. முதன்முதலாக இதைச் செய்த அன்று வெளியே போய் நாலைந்து விதமான இலைகளைப் பறித்து வந்து, ஒவ்வொன்றிலும் உயரமான கண்ணி எந்த இடத்தில் வரும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடிப்பக்கம் அகன்ற இலைக்கு ட்ரெபிள் முதலிலேயே வந்துவிடும். ஒல்லியான இலைக்கு ட்ரெபிளே வேண்டாம்.

வட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. சிங்கிள் குரோஷாவில் தட்டையான வட்டம் பின்ன 6 கண்ணியில் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட்டுவோம். 6, 12, 18, 24 என்று போகும். கூட்டுவதைக் குறைத்தால் ஓரம் மேலே எழும்பிக் கிண்ணமாகும். தொப்பி அப்படித்தான் வருகிறது. கூடுதலாகக் கூட்டிவிட்டால் ஓரம் இடம் போதாமல் அலை அலையாகச் சுருளும். தட்டு, கிண்ணம், அலை, இவ்வளவுதான். இந்த மூன்றையும் கலந்து பின்னினால் உலகத்தில் உள்ள எத்தனையோ வடிவங்கள் வந்துவிடும்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு மேசை விரிப்பு பின்னினேன். எண்ணிக்கை தவறிக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். 15 சுற்று முடிந்ததும் மேசையில் விரித்தால் படியவே இல்லை, ஓரமெல்லாம் துள்ளிக்கொண்டு நின்றது. பிரித்துவிடலாம் என்று நூல் முனையைத் தேடினேன். ஆனால் கையில் வைத்துச் சுருட்டிப் பார்த்தபோது அது எங்கேயோ பார்த்த ஒன்றாக இருந்தது. பவளம்! கடலடியில் இருக்கும் மடிப்பு மடிப்பான பவளம். பிரிக்காமல் வைத்துவிட்டேன்.

அந்த அலை ஓரத்துக்குக் கணிதத்தில் பெயர் உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. ஹைபர்போலிக் தளம் என்கிறார்கள். லாட்வியாவில் பிறந்த டைனா டைமினா என்ற கணித ஆசிரியை, 1997-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இந்த வடிவத்தை மாணவர்களுக்குக் காட்ட ஒரு வழி தேடியிருக்கிறார். காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரி கை பட்டாலே கிழிந்துவிடும். சிறு வயதில் கற்ற குரோஷாவை எடுத்தார். குறிப்பிட்ட எண்ணிக்கைக் கண்ணிக்கு ஒரு முறை ஒன்று கூட்டு, அதைக் கடைசிவரை மாற்றாதே. இவ்வளவுதான் விதி. மாணவர்கள் மடக்கியும் விரித்தும் பார்க்கும்படி உறுதியான மாதிரி கிடைத்துவிட்டது. அதைப் பின்பற்றி, ஆஸ்திரேலியாவில் பிறந்த இரட்டைச் சகோதரிகளான மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் இருவரும் 2005-ல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு பவளப் பாறையையே குரோஷாவில் பின்னத் தொடங்கினார்கள். வெப்பம் கூடிப் பவளங்கள் வெளுத்து அழிவதைப் பார்த்த வருத்தத்தில் தொடங்கிய வேலை அது. எத்தனையோ நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் அதில் சேர்ந்து பின்னியிருக்கிறார்கள். விதி ஒன்றைக் கற்றுக்கொண்டு, அப்புறம் அதை வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்ததில்தான் அந்தப் பாறையின் விதவிதமான உயிர்கள் உருவாயின. நான் பிரிக்காமல் வைத்த விரிப்பை எடுத்து இன்னும் நான்கு சுற்று சேர்த்தேன். இப்போது அது என் அலமாரி மேல் பவளமாகவே உட்கார்ந்திருக்கிறது.

எனவே தப்பாகப் போன பின்னலை உடனே பிரித்துவிடாதீர்கள். ஒரு நாள் மேசை மேல் கிடக்கட்டும். குப்புறப் போட்டுப் பாருங்கள், மடித்துப் பாருங்கள்.

சரி, முழுத் திட்டம் இல்லாமல் எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஐரிஷ் குரோஷாவைச் சொல்வேன். 1845-ல் தொடங்கி அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயில் அழிந்து பெரும் பஞ்சம் வந்த காலத்தில், பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது இந்த லேஸ் வேலை. ரோஜா, மூவிலை, கொடி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பின்னுவார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரு துணி மேல் பரப்பிக் குத்திவைத்து, இடைவெளியை மெல்லிய செயின் வலையால் நிரப்பி இணைப்பார்கள். இந்த முறையில் எனக்குப் பிடித்தது, முதலில் பூக்கள், அப்புறம்தான் அவற்றின் இடம் என்பது. தினமும் ஒரு சிறு துண்டு பின்னிப் பெட்டியில் போட்டு வாருங்கள். மீந்த நூலில் ஒரு வட்டம், ஒரு இலை, அன்று பார்த்த ஏதோ ஒரு வடிவம். இருபது முப்பது சேர்ந்ததும் தரையில் பரப்புங்கள். எது எதன் பக்கத்தில் உட்கார விரும்புகிறது என்று தெரிந்துவிடும்.

தரைக்கல், ஜன்னல் கம்பி, கம்பி வேலியின் நிழல் மாதிரி கட்டம் உள்ள எதையும் ஃபிலே குரோஷாவுக்குக் கொண்டுவரலாம். அதில் நிரம்பிய கட்டம், காலிக் கட்டம் என இரண்டே எழுத்துகள். கட்டத்தாளில் கறுப்படித்தால் அதுவே வரைபடம். ஒரே ஒரு எச்சரிக்கை: தாளில் சதுரமாக இருப்பது நூலில் சதுரமாக வராமல் போகலாம். பத்துக் கட்டம் பின்னி அளந்து பாருங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வரைந்த பூனை நெட்டையாகவோ குட்டையாகவோ வந்து நிற்கும்.

சில நேரம் யோசனை வெளியே கிடைக்காது, நூலே சொல்லும். வழவழப்பான பருத்தி நூலில் ஒவ்வொரு கண்ணியும் தெளிவாகத் தெரியும். நுணுக்கமான வேலைக்கு அதுதான் பொருத்தம். ரோமம் ரோமமாக இருக்கும் மொஹேரில் அதே வேலையைச் செய்தால் எல்லாம் மூடிப்போகும், உழைப்பு வீண். அந்த நூலுக்குச் சாதாரணக் கண்ணி, பெரிய ஊசி, அதுவே மேகம் மாதிரி இருக்கும். ஒரே நூலை 3 மில்லிமீட்டர் ஊசியிலும் 6 மில்லிமீட்டர் ஊசியிலும் பின்னிப் பாருங்கள். ஒன்று விறைத்து நிற்கும், மற்றது துவண்டு தொங்கும். முதலாவது அமிகுருமி என்ற குட்டிப் பஞ்சுப் பொம்மைக்கு ஆகும், உள்ளே அடைத்த பஞ்சு வெளியே தெரியாது. இரண்டாவது சால்வைக்கு. புது நூல் வந்தால் நான் உடனே எதையும் தொடங்குவதில்லை. உள்ளங்கை அளவு இரண்டு மூன்று மாதிரித் துண்டு பின்னி, ஊசி எண்ணை எழுதிக் கட்டி, ஒரு நோட்டில் ஒட்டிவைக்கிறேன். பாதி யோசனைகள் அந்த நோட்டைப் புரட்டும்போது வருபவைதான்.

வண்ணத்தில் பலர் தடுமாறுவது எந்த நிறம் என்பதில் இல்லை, எவ்வளவு என்பதில். ஒரு இறகைப் பாருங்கள். பெரும்பகுதி சாம்பல், கொஞ்சம் வெள்ளை, ஒரு நூலளவு நீலம். அந்த நீலத்தை மூன்றில் ஒரு பங்கு ஆக்கினால் இறகு போய்விடும். பின்னுவதற்கு முன்னால் ஒரு அட்டையில் அதே விகிதத்தில் நூல்களைச் சுற்றிப் பாருங்கள். அட்டையைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தும் பார்க்கலாம். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நீங்கள் பார்த்துப் பார்த்துப் பின்னும் டிசைன் தூரத்திலிருந்து தெரியாது.

நாட்களையும் பின்னலாம். தினம் ஒரு வரிசை, அன்றைய வெப்பநிலைக்கு ஏற்ற நிறம், வருட முடிவில் ஒரு போர்வை என்று பலரும் செய்கிறார்கள். அழகான யோசனை, ஆனால் கணக்குப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். வரிசைக்கு 1 சென்டிமீட்டர் என்றால் 365 வரிசை மூன்றரை மீட்டரைத் தாண்டிவிடும். அரை சென்டிமீட்டர் வரும்படி சிங்கிள் குரோஷாவில் போட்டால் 180 சென்டிமீட்டர் சொச்சம், ஒருவர் போர்த்திக்கொள்ளும் நீளம். வெப்பநிலைக்குப் பதில் குழந்தை தூங்கிய நேரம், நிலவின் வளர்பிறை தேய்பிறை என்று உங்களுக்கு நெருக்கமான எதையும் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் விட எனக்கு நிறைவு தந்த யோசனை ஒரு தேவையிலிருந்து வந்தது. அப்பாவுக்குப் பார்வை மங்கியபோது இரண்டு மூக்குக்கண்ணாடிகள் வைத்திருந்தார். படிக்க ஒன்று, நடக்க ஒன்று. உறை மாறிப்போய் ஒவ்வொரு முறையும் தடுமாறினார். இரண்டு உறை பின்னிக் கொடுத்தேன். ஒன்று வழுவழு. மற்றது முழுவதும் பாப்கார்ன் கண்ணி, குமிழ் குமிழாகக் கைக்குத் தட்டுப்படும். விளக்கைப் போடாமலேயே விரலால் தடவி எடுத்துக்கொண்டார். அதுவரை பாப்கார்ன் கண்ணியை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். பின்னலைக் கையாலும் படிக்கலாம் என்பதை அவர் விரல்கள்தான் எனக்குக் காட்டின. உங்கள் வீட்டில் யார் எதற்குத் தடுமாறுகிறார்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.

அடுத்தவர் வரைபடத்தைப் பார்த்துப் பின்னுவதானால் இரண்டு விஷயம். அமெரிக்கப் புத்தகத்தின் சிங்கிள் குரோஷாவைத்தான் பிரிட்டிஷ் புத்தகம் டபுள் குரோஷா என்கிறது. எந்த முறை என்று முதல் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானியப் புத்தகங்களில் இருப்பது போன்ற குறியீட்டு வரைபடங்களைப் படிக்கக் கற்றால் மொழியே தேவையில்லை, வரைபடமே பின்னலின் வடிவத்தில் இருக்கும். அப்புறம், பின்னியதை நாலு பேருக்குக் காட்டும்போது வடிவமைத்தவர் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

இப்போது என் ஊசியில் இருப்பது ஒரு அடிமரம். வெட்டிய மரத்தின் வளையங்களைப் பார்த்திருப்பீர்கள். நடுப்புள்ளி பெரும்பாலும் சரியாக நடுவில் இருப்பதில்லை. ஒரு பக்கம் வளையங்கள் நெருங்கியும் மறுபக்கம் அகன்றும் இருக்கும். அதைக் கொண்டுவர ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் சிங்கிளும் மறுபக்கம் டபுளும் போடுகிறேன், நடுப்புள்ளி மெல்ல ஒதுங்குகிறது. உயரமான பக்கத்தில் கண்ணிகளைக் கூடுதலாகக் கூட்டவும் வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் அந்தப் பக்கம் கிண்ணம் மாதிரி எழும்பிவிடுகிறது. 18 சுற்று முடிந்திருக்கிறது. நாற்காலி மெத்தையாகுமா, சுவரில் மாட்டுவதாகுமா, இன்னும் முடிவு செய்யவில்லை. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் 19-வது சுற்று. அதை அடர்பழுப்பில் போடலாம் என்று இருக்கிறேன்.

வணக்கம்.