வசதியா, இடமா? இடமே!

நடுவர் அவர்களுக்கும் அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் என் வணக்கம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கைதூக்கி விடுவது பள்ளியில் கொடுக்கிற வசதியா, கல்லூரியில் ஒதுக்குகிற இடமா? இடம்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு முதல் 2022-இல் வந்த காலை உணவு வரை அழகாகச் சொன்னார். சைக்கிளைச் சொன்னார், மடிக்கணினியைச் சொன்னார். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. அந்தச் சோறு இல்லையென்றால் எத்தனையோ பிள்ளைகள் பள்ளி வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள். ஆனால் நடுவர் அவர்களே, இத்தனையும் பெற்றுப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைக்கு, நீட் வந்த பிறகு மருத்துவக் கல்லூரியில் என்ன கிடைத்தது? பிளஸ் டூ மாணவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். 2019-இல் அவர்களில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் மாநிலம் முழுக்கப் பத்துப் பேர்கூட இல்லை!

2020-இல் மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அந்த ஒரே ஆண்டில், பல் மருத்துவமும் சேர்த்து, 300-க்கும் மேற்பட்ட இடங்கள் அவர்களுக்கு வந்தன. பள்ளிக்கூடம் மாறிவிட்டதா? அதே ஆசிரியர், அதே வகுப்பறை. அதுவும் கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்த ஆண்டு அது. மாறியது சட்டம் ஒன்றுதான்.

சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் கலந்தாய்வு. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள், கட்டணத்தைக் கேட்டதும் வேண்டாமென்று திரும்பிப் போனார்கள். நீட்டில் தேறிய பிள்ளை, கூலி வேலை பார்க்கும் அப்பாவுடைய முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் படிப்பை விட்டுக்கொடுக்கிறது. இதைவிடக் கொடுமை உண்டா? சில நாட்களில் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. இடம் கொடுத்த பிறகுதான் அடுத்த தடை எது என்றே கண்ணுக்குத் தெரிந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று ஒதுக்கீடு விரிந்தபோது, கட்டணத்தையும் சேர்த்தே யோசித்தார்கள்.

'இப்படிச் சேர்கிறவர்களில் பலர் ஓராண்டு வீட்டிலிருந்து மறுபடி நீட் எழுதியவர்கள்தானே' என்று எதிரணி கேட்டது. ஆமாம், அதிலென்ன குறை? அந்த ஓராண்டு பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல், 'படி, பார்த்துக்கலாம்' என்று ஒரு தாய் சொல்கிறாளே, எந்த நம்பிக்கையில் சொல்கிறாள்? நமக்கென்று இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான். தரம் குறையும் என்றும் சொன்னார்கள். இந்தப் பிள்ளைகளும் நீட்டில் தேறித்தான் உள்ளே வருகிறார்கள். உள்ளே போனால் எல்லோருக்கும் ஒரே தேர்வு, ஒரே வினாத்தாள்.

கடைசியாக, 2022-இல் இந்த ஒதுக்கீடு செல்லும் என்று சொன்ன உயர்நீதிமன்றமே ஐந்தாண்டில் மறுபரிசீலனை வேண்டும் என்றதே, அப்படியானால் இது தற்காலிகம்தானே என்றார் எதிரணித் தலைவர். தாராளமாகப் பரிசீலிக்கட்டும். ஒதுக்கீட்டு இடங்களைக் கணக்கில் சேர்க்காமல், பொதுப் போட்டியிலேயே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் இடம் பிடித்தார்கள் என்று ஆண்டுவாரியாக அரசு இந்த மக்கள் முன்னால் வைக்கட்டும். நூற்றுக்கு நாற்பது பேராக இருக்கிற பிள்ளைகளுக்கு அது நியாயமான பங்குதான் என்றால் அன்றைக்கு இந்த ஒதுக்கீட்டை எடுத்துக்கொள்ளட்டும். அதுவரைக்கும் அந்த 7.5-இல் ஒரு புள்ளியைக்கூடக் குறைக்கக் கூடாது நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.