மழைக்கு முன் கற்பூரவல்லி: அழுகலும் கைக்குழந்தையின் சளியும்

கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "மாடித் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லி வருஷா வருஷம் ஐப்பசி மழையில் அழுகிவிடுகிறது. என்ன செய்வது? எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. இதன் சாற்றைத் தேனில் குழைத்துக் கொடுக்கலாமா?"

முதலில் குழந்தை. தேன் வேண்டாம், சகோதரி. ஒரு வயது முடியும் வரை நாக்கில் தடவிக்கூடக் கொடுக்காதீர்கள். தேனில் சில சமயம் ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்கும். பெரியவர்களின் குடல் அதைச் சமாளித்துக்கொள்ளும். பிஞ்சுக் குடலில் அது வளர்ந்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளரவைத்து, மூச்சையே பாதிக்கலாம். பாட்டி காலத்திலிருந்து கொடுக்கிறோமே என்று வீட்டில் சொல்வார்கள். அவர்கள் மனம் நோகாமல், ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். இந்த வயதில் இலைச்சாறும் வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே, அந்த நேரமே ஓடுங்கள்.

சரி, இப்போது செடி. நான் சொல்வது ஓமவல்லி என்றும் சொல்வோமே, அந்தச் செடி; கற்பூரவல்லி என்று வாழைப்பழமும் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். இதன் இலையைக் கிள்ளிப் பாருங்கள், சதைப்பற்றாக இருக்கும். தண்ணீரைத் தனக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி. அதனால் வேர் ஈரத்திலேயே நின்றால் அழுகிவிடும். புரட்டாசியில் பொன் உருகக் காய்ந்து மண் உருகப் பெய்யும் என்பார்கள். அந்த வெயிலைப் பார்த்துப் பயந்து நாம் தினமும் ஊற்றுகிறோம், பின்னாலேயே மழையும் கொட்டுகிறது. விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.

அப்புறம், மழை பிடிப்பதற்குள் நான்கைந்து விரற்கடை நீளத்தில் சில தண்டுகளைக் கணுவுக்குக் கீழே நறுக்குங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாய் உலர ஒரு நாள் நிழலில் போடுங்கள். செம்மண்ணும் மணலும் சரிபாதி, ஒரு பிடி மக்கிய தொழு உரம் கலந்து நட்டு, சன்ஷேடுக்கு அடியில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். தாய்ச்செடி போனாலும் பிள்ளைச்செடி இருக்கும்.

நறுக்கும்போது மிஞ்சும் இலைகளைத் தூக்கிப் போடாதீர்கள். பெரிய இலையாகப் பார்த்துக் கழுவி, துணியால் ஒற்றி ஈரம் போகத் துடைத்து, கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போடுங்கள். மாவில் ஓமம் சேர்க்கவே தேவையில்லை, இலையிலேயே அந்த மணம் இருக்கிறது. ஈரத்தோடு மட்டும் போடாதீர்கள், எண்ணெய் தெறிக்கும்.