சிலைக்கு யாருடைய முகம்?

நடுவர் ஐயா அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

பண்டைய பேரரசர்களின் புகழைக் காப்பது நாம் புதிதாக எழுப்பும் சிலையா, அவர்கள் காலம் விட்டுச்சென்ற கல்லும் எழுத்துமா? இந்த ஜார்ஜ்டவுன் மேடையில் இன்றைய தலைப்பு இதுதான். கல்லும் எழுத்துமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர், இராஜேந்திர சோழனுக்குப் பினாங்கில் வெண்கலச் சிலை வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் அவனை மறந்துவிடுவார்கள் என்றார். அவர் ஆசையில் பழுதில்லை. ஆனால் ஐயா, அந்தச் சிலைக்கு யாருடைய முகத்தை வைப்பீர்கள்?

இராஜேந்திரனை விடுங்கள், அவன் தந்தை இராஜராஜனின் முகமே நமக்கு உறுதியாகத் தெரியாது. தஞ்சைக் கோயில் ஓவியத்தில் இருப்பவன் அவன்தானா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. கோயிலுக்கு வெளியே நிற்கும் சிலை நம் காலத்துச் சிற்பியின் கற்பனை. ஆனால் அவன் வாய்ச்சொல் நம்மிடம் இருக்கிறது. "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ஆணையிட்டான். கொடுத்தவன் எவனானாலும் அவன் பெயரும் என் பெயரோடு இருக்கட்டும் என்ற மனம் அது! அதே கோயில் சுவரில் ஆடல்மகளிர் 400 பேர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, என்ன பெயர் என்று வரிசையாக நிற்கிறார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் இருக்கிறான். முடிதிருத்தியவருக்கும் அங்கே இடம் உண்டு. நீங்கள் வைக்கும் பீடத்தில் ஒருவன்தான் நிற்க முடியும். மற்ற அத்தனை பேரையும் எங்கே நிறுத்துவீர்கள்?

அசோகனின் சிங்கங்களை எதிரணி காட்டியது. 1950இல் இந்தியாவின் சின்னமான சாரநாத் சிங்கங்கள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அசோகனின் தூண்கள் பல நூற்றாண்டுகள் வெட்டவெளியில் நின்றும், அவை யாருடையவை என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேய அறிஞர் பிராமி எழுத்தைப் படித்த பிறகுதான் அவை பேசின. 1915இல் மாஸ்கிக் கல்வெட்டில் அசோகன் என்ற பெயரே கிடைத்தது. கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள், அதற்காக நான் வருந்துகிறேன் என்று ஒரு பேரரசன் பாறையில் எழுதி வைத்தானே, அந்த வருத்தத்தை எந்தச் சிற்பி வெண்கலத்தில் வார்ப்பான்?

இப்போது நம் கடாரத்துக்கு, இன்றைய கெடாவுக்கு, வருகிறேன். 1025இல் "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" வந்த இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது அவன் புகழ் பாடும் கல்வெட்டுப் பகுதி, தோற்ற ஊரைக் "கடுமுரட் கடாரம்" என்கிறது. எதிரியின் வலிமையை மறைக்காத எழுத்து அது. அதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் முன்பு, இதே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்தான். செப்பேடு சொல்கிறது. வாளோடு நிற்கும் சிலை படையெடுப்பை மட்டும் சொல்லும். கெடாக்காரர்கள் நமக்கு அண்டை வீட்டார். அவர்களிடம் முழுக் கதையைச் சொல்ல வேண்டாமா?

பாலத்தைத் தாண்டி வடக்கே, கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் இருக்கும் மெர்போக்குக்கு மாணவர்களை அழைத்துச் சென்றேன். அங்கே புக்கிட் பத்து பஹாட் சண்டியில், அந்தப் பழங்காலக் கோயிலில், கூரை இல்லை. மரத்தூண்களைத் தாங்கிய கல் ஆதாரங்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பிறகு, "டீச்சர், இதைச் செதுக்கியவர் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள். அரசன் யார் என்று அவள் கேட்கவில்லை, நடுவர் ஐயா. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே பூஜாங் பள்ளத்தாக்கில், ஆயிரம் ஆண்டு கடந்த ஒரு சண்டி நில மேம்பாட்டுக்காகத் தரைமட்டமாக்கப்பட்டது 2013இல் தெரியவந்தது. போனது போனதுதான். எஞ்சியவை இன்னும் அங்கே மழையில் நனைந்துகொண்டிருக்கின்றன. எதிரணி நண்பர்களே, சிலைக்கென்று நீங்கள் திரட்டும் பணத்தில் முதலில் ஒரு பஸ் பிடியுங்கள். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவோம். நானும் வருகிறேன்.